பத்துத் தடவை எழுதினால் வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளின் எழுத்துப்பிழை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'தினமும் வீட்டில் எழுதிப் பழக்குங்கள்' என்று முடித்திருந்தீர்கள். எப்படிப் பழக்குவது என்பதில்தானே சங்கதி இருக்கிறது! அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்து, பிறகு புரூஃப் பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு டிக்டேஷன் போடுவதுதான் உத்தியோகம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளியில் 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்று எழுதிவிட்டாள். பத்துத் தடவை இம்போசிஷன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து 'ப'. அப்புறம் அதையொட்டிப் பத்து 'ள்'. அப்புறம் 'ள'. கடைசியில் 'ம்'. வெண்டைக்காய் நறுக்குகிற வேகத்தில் வேலை முடிந்தது. 'பள்ளம்' என்ற சொல்லை அவள் ஒரு தடவைகூட எழுதவில்லை. மறுநாள் கேட்டால் மறுபடியும் 'பல்லம்'. குழந்தையைச் சொல்லி என்ன பயன்? நாங்களும் அந்தக் காலத்தில் இம்போசிஷனை அப்படித்தான் ஏமாற்றினோம்.

இப்போது ஒரு நாளைக்கு ஐந்தே சொல். சொல்லைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறாள். எந்த எழுத்து காலை வாரும் என்று அவளே யோசித்துப் பென்சிலால் அடிக்கோடு போடுகிறாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, பார்க்காமல் எழுதுகிறாள். திறந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவள்தான். தப்பினால் முழுச் சொல்லாக ஒரு தடவை எழுதுவாள். மறுநாள் ஐந்தில் அதுவும் ஒன்று. மூன்று நாள் சரியாக வந்தால் அந்தச் சொல்லுக்கு விடுதலை. கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. சிவப்பு மையை நான் தொடுவதே இல்லை. அச்சகத்திலேயே அது போதும் போதுமென்று ஆகிவிட்டது.

பிழையில் பாதி, பெரியவர்கள் வாயில் இருக்கிறது. நாள் முழுக்க 'வாயப்பயம்' என்று பேசிவிட்டு, நோட்டில் மட்டும் 'வாழைப்பழம்' வேண்டும் என்றால் எங்கிருந்து வரும்? என் மகன் டிக்டேஷன் போடும்போது 'பளம்' என்கிறான். கேட்டதைக் கேட்டபடி எழுதிய குழந்தைக்குத் திட்டு விழுகிறது. அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்ப்பார். சந்தேகம் வரும் இடத்தில் படிப்பவர் 'சிறப்பு ழ' என்று எழுத்தையே சொல்லிவிடுவார். நாக்கு நமக்கு ஒத்துழைக்காவிட்டால் வீட்டிலும் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. இல்லையென்றால் வாக்கியத்தோடு சொல்லுங்கள். 'புலி உறுமியது', 'ரசத்துக்குப் புளி கரை' என்றால் எந்த லகரம் என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

ண, ன, ந மூன்றுக்கும் என் வாத்தியார் சொன்ன பெயர்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். இன்று 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்கிறார்கள். சுழி உருவத்தைத்தான் சொல்லும். பழைய பெயர் அந்த எழுத்து யாரோடு சேரும் என்பதையும் சொல்லிவிடும். ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (கன்று), த-வுக்கு முன்னால் ந் (பந்து). வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திதான். ஆனாலும் அதில் சுற்றுகிறவற்றில் உண்மையான ஒன்று. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு பேத்தி 'கன்டேன்' என்று எழுதவில்லை.

மாதம் ஒருமுறை மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் போவோம். குரோம்பேட்டையில் ஏறியதும் ஸ்டேஷன் பெயர்ப்பலகை வேட்டை ஆரம்பம். பல்லாவரத்தில் 'ல்', பழவந்தாங்கலில் 'ழ', கிண்டியில் 'ண்'. சைதாப்பேட்டை தாண்டியதும், "ள வர்ற ஸ்டேஷன் ஒண்ணுகூட இல்லையே தாத்தா" என்றாள். எனக்கே அதுவரை தோன்றியதில்லை. 'ள'-வுக்காக எதிர்த் திசையில் பெருங்களத்தூர் வரை போக வேண்டும், 'ற' வேண்டுமென்றால் மறைமலைநகர். அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் கேட்டிருக்கிறாள்.

ஆங்கிலச் சொற்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் அங்கே காதை நம்பினால் மோசம் போவோம். 26 எழுத்தை வைத்துக்கொண்டு 40-க்கும் மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிற மொழி. அதனால் புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்றும், கத்தியைக் 'க்-நைஃப்' என்றும் வேண்டுமென்றே தப்பாகப் படித்து மனத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் அந்தக் 'க்'கை உச்சரித்தவர்கள்தானே. இதற்கென்று டியூஷன் வைக்கிற வீடுகளில், 'தமிழ் தானா வந்துடும்' என்கிறார்கள். 'பல்லம்'தான் தானாக வருகிறது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று போன வாரம்தான் பேத்திக்குச் சொல்லியிருந்தேன். சென்ற ஞாயிறு உங்கள் இதழில், மாணவர் பக்கத்தின் தலைப்பிலேயே 'முயற்ச்சி' என்று வந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் வட்டம் போட்டது நானல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
குரோம்பேட்டை, சென்னை - 44.