முலாம் ஆலைக் கழிவுநீரின் கனஉலோகங்களை மின்முனை முறையில் அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்: ஆற்றுப் பாசன விவசாயிகள்
பெறுநர்: தலைவர் அவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்

பொருள்: முலாம் பூசும் ஆலைகளின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நிபந்தனைகளைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முலாம் ஆலைகளின் கழிவுநீரில் கலந்து வரும் குரோமியம், நிக்கல், செம்பு, காட்மியம் ஆகியவற்றை எந்த நுண்ணுயிரும் சிதைத்துவிட முடியாது. சுண்ணாம்பு சேர்த்துப் படியவைக்கும் வழக்கமான முறையில் நீர் தெளிந்தாலும், உலோகம் நச்சுச் சகதியாகக் குவிகிறது. சயனைடுடன் பிணைந்த உலோகமோ சுண்ணாம்புக்கு முழுமையாகப் படிவதில்லை.

ஆகவே, செம்பு கலந்த அலசுநீரைப் பிற கழிவுகளோடு சேரவிடாமல் தனியே பிரித்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, அந்த உலோகத்தை எதிர்மின்முனையில் உலோகமாகவே படியவைத்து மீட்க ஆலைகளுக்கு ஆணையிடுமாறு வேண்டுகிறோம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், கொள்கையளவில் சுமார் 1.19 கிராம் செம்பு படியும். ஆனால் கரைசல் நீர்த்துப்போகும்போது தட்டையான எஃகுத் தகட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதிலேயே வீணாகிவிடுவதால், அந்த நிலையில் பரப்பு மிகுந்த கார்பன் இழை மின்முனைகளே பொருத்தமானவை.

குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு இரும்பு நேர்மின்முனை ஏற்றது. அதிலிருந்து கரைந்து வரும் இரும்பு, குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிற நிலைக்கு ஒடுக்கி (எலக்ட்ரான் அளித்து மாற்றி), ஹைட்ராக்சைடாகப் படியச் செய்கிறது. இதிலும் சகதி உண்டு என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் பொறுப்பு ஆலையையே சாரும். மின்முனைமீது படலம் படர்ந்து செயல் குன்றாமலிருக்க, மின்னோட்டத் திசையை அவ்வப்போது மாற்றும் வசதியும் தேவை.

மின்முனை எந்தப் பொருளால் ஆனது என்பதை இசைவாணை விண்ணப்பத்திலேயே ஆலை தெரிவிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திக் கேட்கிறோம். ஈய டை ஆக்சைடு பூசிய நேர்மின்முனை தேய்ந்தால், சுத்திகரிப்புக் கருவியே நீரில் ஈயத்தைக் கலக்கக்கூடும். குளோரைடு மிகுந்த நீரில், கரையாத நேர்மின்முனையில் உருவாகும் குளோரின், ஒடுக்கப்பட்ட குரோமியத்தை மீண்டும் பழைய நச்சு நிலைக்கே கொண்டுசெல்ல வாய்ப்புண்டு. எனவே வெளியேறும் நீரில் மொத்தக் குரோமியத்தையும் ஆறு இணைதிறக் குரோமியத்தையும் தனித்தனியே அளக்கச் செய்ய வேண்டும்.

ஆய்வகத்தில் தயாரித்த மாதிரிக் கரைசலில் கிடைத்த முடிவை ஏற்காமல், அந்தந்த ஆலையின் உண்மையான கழிவுநீரில் வெள்ளோட்டம் நடத்தி, அளவீடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பின்னரே இசைவாணையைப் புதுப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆற்றுப் பாசன விவசாயிகள்