முன்னால் நிற்கப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டம் வாங்கி, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமாக நிற்கப் போகிறாய் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் நேற்று போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை இரவெல்லாம் உறுத்தியது: "இனி ஜமாஅத் என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும்." ஜமாஅத் என்றால் உன் பின்னால் தொழும் மக்கள். இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். உன்னைப் போல் புதிதாக நிற்கப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

தொழுகையையே எடுத்துக்கொள். நீ ருகூவுக்கு, அதாவது குனியும் நிலைக்குப் போகாமல் யாரும் குனிய முடியாது, நீ எழாமல் யாரும் நிமிர முடியாது. அதே தொழுகையில் நீ ஒரு வசனத்தை மறந்தால் பின்னால் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். ரக்அத், அதாவது தொழுகையின் ஒரு சுற்று, தவறினால் 'ஸுப்ஹானல்லாஹ்' (அல்லாஹ் தூயவன்) என்பார்; பெண்கள் கைதட்டி உணர்த்துவார்கள். உணர்த்துகிறவர் பட்டம் வாங்கியவரா என்று யாரும் கேட்பதில்லை.

அல்லாஹ்வின் தூதர் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். சபையில் நெருங்கிய தோழர்களான அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தும் பேசத் தயங்கினார்கள். கை நீளமானவர் என்பதால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒருவர்தான் கேட்டார்: "தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, மறந்துவிட்டீர்களா?" நபியவர்கள் கோபப்படவில்லை. அவர் சொல்வது சரிதானா என்று மக்களிடம் கேட்டு, விடுபட்டதைத் தொழுது, மறதிக்காக ஸஜ்தா (நெற்றி நிலத்தில் படும் வணக்கம்) செய்தார்கள். வஹீ (இறைச்செய்தி) இறங்கிய நபிக்கே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரலாம் என்றால், நீயும் நானும் எம்மாத்திரம், தம்பி?

'அதிகாரத்தில் உள்ளோருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று குர்ஆன் ஆயத்தின் (வசனத்தின்) பாதியை மட்டும் ஓதிக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்நிஸா அத்தியாயத்தின் 59-ஆம் வசனமான அதை முழுதாக ஓது. 'கீழ்ப்படியுங்கள்' என்ற சொல் அல்லாஹ்வுக்கு ஒருமுறை, தூதருக்கு ஒருமுறை வருகிறது. அதிகாரத்தில் உள்ளோருக்குத் தனியாக வரவில்லை. கருத்து வேறுபட்டால் அல்லாஹ்விடமும் தூதரிடமும் திருப்புங்கள் என்றுதான் ஆயத் தொடர்கிறது. 632-இல் நபியவர்களுக்குப் பின் முதல் கலீஃபாவாக, முஸ்லிம்களின் தலைவராகப் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) தம் முதல் உரையிலேயே, நான் உங்களில் சிறந்தவன் அல்லன், தவறினால் என்னைத் திருத்துங்கள் என்று சொன்னதாக வரலாறு சொல்கிறது.

ஷீஆக்களின் பார்வை வேறு. நபியவர்களின் மருமகன் அலீ (ரலி) அவர்களுக்கும் அவர் வழியில் வந்த இமாம்களுக்குமே தலைமை உரியது என்பார்கள்; அங்கே இமாம் என்பது தொழுகை நடத்துபவர் மட்டுமல்ல, சமூகத்தின் தலைவர். பன்னிரு இமாம்களை ஏற்பவர்கள் இன்று சட்ட விஷயங்களில் ஒரு மர்ஜாவை, அதாவது உயர்நிலை மார்க்க அறிஞரைப் பின்பற்றுகிறார்கள். ஸுன்னிகளான நமக்கு அப்படி ஒரு படிநிலை இல்லை. உன் கையிலிருப்பது கற்றதற்கான சான்று. பாவமன்னிப்புக்கு ஒருவரும் உன் வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் மக்கள் எதற்குக் கட்டுப்படுகிறார்கள்? மார்க்க அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பலை நினைத்துப் பார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி 833-இல் கலீஃபா மஃமூன் அறிஞர்களை விசாரிக்க ஆரம்பித்தார். பலர் பணிந்தார்கள். இவர் மறுத்தார், சிறைப்பட்டார், அடுத்து வந்த முஃதஸிமின் காலத்தில் கசையடி பட்டார். பதவியோ படையோ இல்லாத அந்த மனிதரின் பெயரில் ஒரு மத்ஹபே (சட்டப் பள்ளியே) நிற்கிறது. கிலாஃபத்தையோ, அந்தக் கலீஃபா பதவியையோ, 1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் எடுத்துவிட்டது. மறுநாள் ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) நிற்கவில்லை, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பதும் நிற்கவில்லை.

உனக்கு உடனே உதவக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். பெரும் சட்ட அறிஞரான இமாம் மாலிக்கிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் 'தெரியாது' என்றாராம். தலாக் (மணவிலக்கு), வாரிசுப் பங்கு என்று உன்னிடம் வருகிறவர் அழுதுகொண்டுதான் வருவார். அவசரத்தில் நீ சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் உடையும். 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகு. கேட்டும் சொல்.

அறிவும் நிதானமும் உள்ளவர்கள் தொழுகையில் தமக்கு அடுத்து நிற்கட்டும் என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) உனக்குத் தெரியும். உன்னைத் திருத்தக்கூடியவர்களை அங்கே வைத்துக்கொள், உன்னைப் புகழ்கிறவர்களை அல்ல. உன் முதல் தொழுகைக்கு, இன்ஷா அல்லாஹ், பாங்குக்கு முன்பே வந்து உனக்கு நேர் பின்னால் நிற்பேன். நீ தடுமாறினால் எடுத்துக் கொடுப்பேன்.

உன் அண்ணன்