பேரேட்டைக் காட்டுங்கள்: தமிழக எம்.பி.க்கள் 57 பேருக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டுக்காக உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மளிகை மண்டிகளில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். முதலாளி எந்த நேரத்தில் வந்து கேட்டாலும் பேரேட்டை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் யாரும் சொல்லித்தராமலே பிடிபட்டுவிடும். "அது ரகசியம், நீங்கள் பார்க்கக் கூடாது" என்று சொல்கிற கணக்குப்பிள்ளையை மறுநாள் அந்தக் கடையில் பார்க்க முடியாது. அரசாங்கத்தில் மட்டும் இது தலைகீழ். என் ஆதார், பான், வங்கிக் கணக்கு, கடை விற்ற மூட்டைக்கான ஜி.எஸ்.டி. எல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. அவர்கள் கோப்பு என் கைக்கு வந்தால் நான் குற்றவாளி.

மிகைப்படுத்தவில்லை. 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட அரசு ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவு ரகசியத்தைக் கொடுத்தவரோடு வாங்கியவரையும் சேர்த்துப் பிடிக்கும். மூன்றாண்டு வரை சிறை. எது ரகசியம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. அதிகாரி முத்திரை குத்தினால் ரகசியம், அவ்வளவுதான். இதற்கு இணையாகத் தன் நாட்டில் வைத்திருந்த பிரிவை பிரிட்டன் 1989-இல் கைவிட்டுவிட்டது. (அதற்குப் பதிலாக வந்த சட்டமும் சொக்கத்தங்கம் ஒன்றுமில்லை.)

இஃப்திகார் கிலானி என்ற டெல்லிப் பத்திரிகையாளரை 2002 ஜூனில் இந்தச் சட்டத்தில் கைது செய்தார்கள். அவருடைய கணினியில் காஷ்மீரில் உள்ள இந்தியப் படைகள் பற்றிய ஆவணம் ஒன்று இருந்ததாம். விசாரித்துப் பார்த்தால், இஸ்லாமாபாதில் ஓர் ஆய்வு நிறுவனம் அச்சிட்டு, இணையத்திலும் கிடைத்த பிரசுரம் அது. உலகமே படிக்கக்கூடியதை வைத்திருந்ததற்காக ஏழு மாதம் திகார் சிறை. 2003 ஜனவரியில் அரசே வழக்கை வாபஸ் வாங்கியது. அந்த ஏழு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசுக்கு ரகசியம் காக்கத் தெரியும் என்றாவது நினைத்தால், சத்யேந்திர துபேவை நினைத்துப் பாருங்கள். தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர். ஊழல் நடக்கிறது என்று பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொள்ளைக்காக நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது, அது இருக்கட்டும். ஒரு குடிமகன் கேட்ட ஒரே ஒரு ரகசியத்தை அரசால் காப்பாற்ற முடியவில்லை. 1962 சீனப் போரில் எங்கே கோட்டைவிட்டோம் என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையோ இன்னமும் பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதியை நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் 2014-இல் இணையத்தில் போட்டுவிட்டார் என்பது வேறு கதை.

சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' 2019-இல் ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் பற்றிய ஆவணங்களை வெளியிட்டபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 6 அன்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து, பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஆவணங்கள் திருடு போயின என்றார், அரசு ரகசியச் சட்டத்தையும் காட்டினார். இரண்டே நாளில், திருடு போகவில்லை, நகல்கள்தான் என்றார். ஏப்ரல் 10-இல் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். ரகசியம் என்று குறியிட்ட ஆவணத்தை வெளியிடக் கூடாது என்று தடுக்க இந்தச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தரவில்லை என்றது தீர்ப்பு. நவம்பரில் ரஃபேல் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியானதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் சரியா தவறா என்பதல்ல என் வாதம். பத்திரிகை அதை அச்சிட்டதால் எந்த எல்லையும் இடிந்து விழவில்லை. அச்சிடலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்தக் காகிதத்தைக் கொடுத்த கை மட்டும் ஐந்தாம் பிரிவுக்குப் பயந்துதான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. படை நாளை எங்கே நகரும், உளவு சொல்லும் ஆள் யார் என்பதெல்லாம் வெளியே வரக் கூடாது. எதிரிக்கு வேவு பார்ப்பவனைத் தண்டிக்க அதே சட்டத்தில் மூன்றாம் பிரிவு தனியாக இருக்கிறது, அது இருக்கட்டும். ஐந்தாம் பிரிவு பிடிப்பது உளவாளியை அல்ல, குமாஸ்தாவையும் நிருபரையும். வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-இலேயே இந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, தேவையான பகுதியை மட்டும் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. அரசாங்கம் போட்ட ஆணையம் சொன்னதையே அரசாங்கம் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள். ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேட்டேன். ஒப்பந்ததாரர் விவரம் 'தனிப்பட்ட தகவல்' என்று பதில் வந்தது. பொதுநலன் பெரிது என்று மேல்முறையீட்டில் எழுதிய பிறகு கிடைத்தது. அப்படி எழுத இடம் கொடுத்த வரிகளை அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலிருந்து எடுத்துவிட்டது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பொதுநலன் பெரிதானால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) பிரிவு இருக்கிறதே, போதாதா என்கிறது அரசு. கால்வாய் கணக்குக் கேட்கிறவன் சட்டப்புத்தகத்தில் அடுத்த வாசலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா? அதே 2023 சட்டத்திலிருந்து தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். என் தரவுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்து, மறைந்துகொண்டது அவர்கள்.

இதில் கட்சி பார்த்து நான் பேசவில்லை. 2005-இல் தகவல் உரிமையைத் தந்தவர்கள்தான் 2011-இல் சி.பி.ஐ.யை அதற்கு வெளியே நிறுத்தினார்கள். யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நாளில் பேரேட்டைத் தன் சொத்து என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதிகாரம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நான் நம்புவது இதனால்தான்.

சரி, உங்களிடம் கேட்பது இரண்டு. அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கான வெள்ளிக்கிழமை நேரத்தில், ஐந்தாம் பிரிவை நீக்கும் ஒரு பக்க மசோதாவை யாராவது கொண்டுவாருங்கள். தோற்றுப்போகும் என்று சொல்லாதீர்கள். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை. இன்னொன்று, துபே கொலைக்குப் பிறகு வருஷக்கணக்கில் பேசி, ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நீங்கள் நிறைவேற்றிய சட்டம். குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டாயிற்று, ஆனால் அமலுக்கு வரவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று கேள்வி நேரத்தில் கேட்டு, வருகிற பதிலை எங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர்