டீ ஆற்றங்கரைப் பெயர்கள்: ஞாயிறு கலந்துரையாடல்

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் இடப்பெயர்க் குழுவில் ஸ்காட்லாந்தின் டீ (Dee) ஆற்றைப் பற்றிப் பேசுகிறோம். பிரேரியாக் மலையில் ஏறத்தாழ 1,220 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுத்து, அபர்டீனில் கடல் சேரும் ஆறு அது.

அதன் மேற்பகுதியில் ஓடைக்கும் சரிவுக்கும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பெயர்கள் உண்டு. வரைபடத்தில் ஏறாத பல பெயர்கள் உள்ளூர்க்காரர்களின் வாயில் மட்டுமே வாழ்ந்தன. ஆடம் வாட்சனும் எலிசபெத் ஆலனும் முதியவர்களிடம் கேட்டு, உச்சரிப்போடு அவற்றைப் பதிந்து, 1984இல் நூலாக்கினார்கள். அப்பகுதிக் கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி ஜீன் பெயின் மறைந்ததும் அதே ஆண்டுதான். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இன்வரே என்ற சிற்றூரைப் பாருங்கள். ஏ என்னும் சிற்றாறு டீயோடு கலக்கும் கூடுதுறை அது. 'இன்வர்' என்றாலே ஆறு சென்று சேரும் இடம். கேலிக்கில் அதை 'Inbhir' என்று எழுதுவார்கள்; 'b', 'h' எழுத்துகளைச் சேர்த்து எழுதி 'வ' என்று ஒலிப்பார்கள். எழுத்தை மட்டும் நம்பினால் பெயர் கெட்டுவிடும். அபர்டீனில் உள்ள 'அபர்' என்பதற்கும் அதே பொருள்தான். ஆனால் அது கேலிக்குக்கு முன் அங்கு வழங்கிய பிக்டிஷ் மொழிச் சொல். ஒரே ஆற்றங்கரையில் இரண்டு மொழிகளின் தடம்!

ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர் அமைப்பான ஆன்மன் ஆச்சே ந ஹால்பாவின் இணையதளத்தில் உச்சரிப்பு ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. ஆளுக்கு இரண்டு பெயர்களையாவது கேட்டு, காதில் விழுந்தபடி தமிழில் எழுதி, சனிக்கிழமை இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.