ஏழு ரெப்போவை மூன்றாக்குவோம்: நம் தன்னார்வலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

நம் தமிழ் மென்பொருள் ஏழு ரெப்போக்களில் (கிட் என்ற கருவி கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைக்கும் களஞ்சியங்களில்) சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்க்கலாம் என்று சனிக்கிழமை சந்திப்பில் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பார்க்கலாம் அண்ணே" என்று யாராவது சொல்லிவிடுகிறீர்கள், தே தாரிக் டீயும் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வந்த பாலிடெக்னிக் தம்பி ஒரு நல்ல பிழையைக் கண்டுபிடித்தான். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் பிழைதிருத்தி மட்டும் இரண்டாவதைக் கண்டால் சிவப்புக் கோடு போட்டது. நம் மென்பொருள்கள் எல்லாம் பகிரும் நிரல் தொகுப்பான பொது நூலகத்தில் மூன்று வரி மாற்றினால் தீரும் விஷயம்.

செயலியின் ரெப்போவைக் கிளோன் செய்தான், அதாவது தன் கணினிக்குப் பிரதி எடுத்தான். பொது நூலகத்தின் ஃபோல்டர் காலி. அது சப்மாட்யூல், அதாவது ஒரு ரெப்போவுக்குள் செருகிய இன்னொரு ரெப்போ. சாதாரண கிளோன் சப்மாட்யூலை இழுத்து வராது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? சரி, சொல்லிக் கொடுத்தோம். உள்ளே போய்த் திருத்திக் கமிட் செய்தான் (மாற்றத்தைப் பதிந்தான்). சப்மாட்யூல் எந்தப் பிராஞ்சிலும் (பெயரிட்ட வேலைக் கிளையிலும்) நிற்காததால் அந்தக் கமிட் அந்தரத்தில் தொங்கியது. வெளி ரெப்போவை, அதாவது செயலியுடையதை, மட்டும் பொதுச் சர்வருக்குப் புஷ் செய்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டான். வெளி ரெப்போ உள்ளிருப்பதைப் பற்றி வைத்திருப்பது ஒரு கமிட்டின் 40 இலக்க அடையாளம் மட்டுமே. அந்தக் கமிட்டோ அவன் மடிக்கணினியில். நம் எல்லாருக்கும் பில்ட் (நிரலைச் செயலியாகத் தொகுப்பது) உடைந்தது. இப்படிப் புஷ் செய்வதைத் தடுக்கும் வசதி கிட்டிலேயே உண்டு, ஆனால் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். தம்பியைக் குறை சொல்லாதீர்கள். ஏற்பாடு நம்முடையது.

கிட்டில் ஒரு கமிட் என்பது அந்த ரெப்போ முழுவதன் நிழற்படம். ஏழு ரெப்போ என்றால் ஏழு படங்கள். எது எதோடு சேர்ந்து ஓடியது என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியதே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக. அந்தக் கெர்னலில் டிரைவர்களும் கோப்பு முறைமைகளும் ஒரே ரெப்போவில்தான் இருக்கின்றன.

என் யோசனை இது. செயலி, விசைப்பலகை, எழுத்துரு மாற்றி, பிழைதிருத்தி, பொது நூலகம் ஐந்தும் சேர்ந்தே மாறுபவை. அவை ஒரே ரெப்போவில் ஆளுக்கொரு ஃபோல்டராக இருக்கட்டும். கிட் சப்ட்ரீ (ஒரு ரெப்போவை இன்னொன்றின் ஃபோல்டராக இணைக்கும் கட்டளை) வழியாகச் சேர்த்தால் பழைய வரலாறும் கூடவே வரும். யார் எந்த வரியை எழுதினார் என்பது தொலையாது. (மானக்கேடான கமிட் செய்திகளும் தொலையாது, என்னுடையவை உட்பட.) அகராதித் தரவு வெளியிலேயே இருக்கட்டும், அதைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துருக் கோப்புகளும் வேண்டாம்: ஒவ்வொரு கிளோனும் முழு வரலாற்றையும் சுமக்கிறது, எழுத்துரு போன்ற பைனரி கோப்பு (வரிவரியாகப் படிக்க முடியாதது) மாறும்தோறும் சுமை ஏறும். இரண்டையும் பதிப்பு எண் சொல்லி எடுத்துக்கொள்வோம்.

விசைப்பலகைக்குத் தனி வெளியீடு வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். டேக் (ஒரு கமிட்டுக்கு இடும் பெயர்ச்சீட்டு) ரெப்போ முழுவதற்கும் பொது என்பதால், டேக் பெயரின் முன்னால் மாட்யூல் பெயரைச் சேர்த்தால் போதும். நியாயமான தடை ஒன்றுதான்: கிட்டில் ஃபோல்டர்வாரியாகப் படிக்கும் அனுமதி கொடுக்க முடியாது. நம்மிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் நம் சிங்கப்பூர். ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்துக்கொண்டு தமிழர்கள் பட்ட பாட்டை மூத்தவர்களிடம் கேட்டிருப்பீர்கள். நாம் ஆளுக்கொரு ரெப்போ வைத்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிரதியில் இணைத்துக் காட்டுகிறேன். அதற்குள் கையிலிருக்கும் பிராஞ்ச்களை எல்லாரும் புஷ் செய்துவிடுங்கள். தம்பி, தேர்வு முடிந்ததும் அந்த மூன்று வரியையும்.

அன்புடன்,
எழுத்துரு மாற்றியைப் பார்த்துக்கொள்பவன்