வீரைக் கன்றுகளுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

எங்கள் அய்யனார் கோயில் காட்டில் நட்ட வீரை மரக் கன்றுகள் இந்தக் கோடையையும் தாண்டிவிட்டன. இதில் கை கொடுத்தவர்கள் பலர், தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாததால் இங்கேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி பூசை வைக்கும் வேளார் ஐயாவுக்கு. திருப்பணியின்போது மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டால் கூட்டிப் பெருக்க வசதி என்று பேச்சு வந்தது. "காட்டுக்குள்ள இருக்கிற சாமியை வெயில்ல உட்கார வைக்காதீங்க" என்று அவர் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட நிலத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு, பரந்திருந்தது; அதன் வீரை, பாலை, காசா மரங்கள் இன்று பெரும்பாலும் இப்படிப்பட்ட கோயில் காடுகளில்தான் மிச்சம் இருக்கின்றன. மற்ற இடங்கள் பலவற்றைத் தைல மரமும் சீமைக்கருவேலும் பிடித்துக்கொண்டன.

எங்கள் பெரிய வீரைகள் பூக்கும், காய்க்காது. வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதையும், எங்களிடம் மிஞ்சியவை எல்லாமே ஆண்தான் என்பதையும் காரைக்குடியிலிருந்து வந்த தாவரவியல் ஆசிரியர் பூவைப் பிரித்துக் காட்டித்தான் புரிந்துகொண்டோம். அவருக்கு எப்படி நன்றி சொல்ல!

அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் காட்டில் காய்க்கிற மரம் உண்டு, ஆனால் அங்கே சுள்ளி கூட ஒடிக்க மாட்டார்கள். நாங்கள் போய்க் கேட்டதும் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்து, உத்தரவு கிடைத்த பிறகு, உதிர்ந்த சிவப்புப் பழங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தங்கள் பிள்ளைகளையும் கூட அனுப்பி வைத்தார்கள். அது விதை கொடுத்தது மட்டும் இல்லை, தங்கள் சாமி சொத்தில் எங்களுக்குப் பங்கு கொடுத்தது.

சீமைக்கருவேலை வேரோடு தோண்டிய தம்பிகள், கிணற்று மோட்டாரை எங்களுக்காக ஓடவிட்ட ஆச்சி, வேலிக்குப் பணம் அனுப்பிய சிங்கப்பூர் அண்ணன்மார், மேய்ச்சலை வேறு பக்கம் மாற்றிக்கொண்ட ஆட்டுக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. வேலியைவிட ஆட்டுக்காரர்கள் மனசு வைத்ததுதான் பெரிது என்பேன்.

எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பல வருடம் ஆகும். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டும் அமையட்டும் என்று கூட்டம் கூட்டமாகத்தான் நட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் தெற்குப் பக்கச் சீமைக்கருவேலையும் எடுக்க வேண்டும், வர முடிந்தவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.