தம்பிக்கு, மட்டன் ரோல் விஷயமாக

தம்பி,

போனில் தட்டினால் விரல் ஓடுதில்லை, தங்கச்சியின் லப்டொப்பில் இருந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய "எல்லாம் ஓகே அப்பா" மூன்றும் கிடைத்தது. மூன்று கிழமைக்கு மூன்று. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கு. குளிர் தொடங்கிவிட்டதால் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைத்துவிட்டேன். போன சனி பெரியம்மா வீட்டுச் சாமத்திய வீட்டில் மாமா திரும்பவும் அந்த மட்டன் ரோல் கதையை எடுத்துவிட்டார், மேசையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வடிவாக நித்திரை கொள்கிறாயா? இரவில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் நித்திரை கொள்.

நீ ஆடின அந்த ஃபுட்போல் மட்சை முழுக்கப் பார்த்தேன். அம்மா வழக்கம்போலப் பந்தை உதைத்ததும் சாமியறைக்குள் போய்விட்டாள், நான்தான் வெளியே இருந்து ஸ்கோர் சொல்லுவேன். உன் இடத்துக்கு சேஃப்டி என்று பெயர் வைத்த மனிசனை நான் ஒருநாள் சந்திக்க வேணும். அமெரிக்கக்காரரின் ஆட்டத்தில் பந்தை எடுக்கும்வரை ஆட்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், ஒருவன் மட்டும் குறுக்கே நகரலாம். நம் கனடா ஃபுட்போலில் பந்தைப் பிடிக்கிற ரிசீவர்மார் முன்னமே ஓடத் தொடங்கி, கோட்டைத் தொடும்போதே முழு வேகத்தில் வருகிறார்கள். மைதானமும் 65 யார்ட் அகலம், அங்கே 53 சொச்சம்தான். அந்த அகலத்துக்கும் கடைசி ஆளாக நீ நிற்கிறாய். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, சோபாவில் இருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியுது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது குவாட்டரில் அந்த உயரமான பொடியனை நீ மறித்து விழுத்தியது சுத்தமான அடி. கொமென்றி சொன்னவர் நம் பெயரை இந்த முறை சரியாகச் சொன்னார், தங்கச்சி அதை ரெக்கோர்ட் பண்ணி வைத்திருக்கிறாள். நான் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். அங்கே ஒருவர் உன் மகன் இதுவரைக்கும் எத்தனை பந்து பறித்தான் என்று கேட்டார், ஆறு என்றேன். நம் லீக்கில் முந்தி ஆடின லெஸ் பிரவுன் 87 பறித்தவராமே என்று நக்கலடித்தார். அமெரிக்க லீக்கான என்.எஃப்.எல்.லிலும் அவ்வளவு பறித்தவன் ஒருவனும் இல்லை, அவரோடு ஒப்பிடுகிற அளவுக்காவது என் பிள்ளை வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

சரி, நித்திரை விஷயத்தை மறக்காதே. டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வராதே.

ஹெனொக் முவாம்பாவை நீ எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய். கின்ஷாசாவில் பிறந்து மிசிசாகாவில் வளர்ந்த பிள்ளை, 2011 இல் ரீம்கள் புதுப் பொடியன்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் முதலாவது ஆள், 2022 கிரே கப் இறுதி ஆட்டத்தில் கடைசி நேரத்தில் வின்னிபெக்கின் பந்தைப் பறித்து ரொறன்ரோவை 24–23 என்று வெல்லவைத்தவன். அவனும் நம்மைப்போல வந்த குடும்பம்தானே அப்பா என்பாய். ஓம், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் நீ சொல்லாத ஒரு பெயரும் எனக்குத் தெரியும். ஜோனதன் ஹெஃப்னி. அவனும் டிஃபென்ஸ்தான். 2015 இல் மொன்றியலுக்கு ஆடும்போது கழுத்து முறிந்தது. ரீம் கொடுக்கும் மருத்துவச் செலவு அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒப்பந்தப்படி ஒரு வருடத்துக்குத்தான். பிறகு 2019 ஒப்பந்தத்தில் அதை மூன்று வருடம்வரை நீட்டினார்கள், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். எப்படியும் எண்ணிச் சில வருடம். உனக்கு முப்பது வயது. ரீச்சர் படிப்பைப் பாதியில் விட்டவன் நீ, அதைப்பற்றி நான் இப்போது கதைக்கவில்லை.

அந்த அடிக்குப் பிறகு நீ உடனே எழும்பினாய். எழும்பி மற்ற ரீமின் பெஞ்ச் பக்கம் நடந்தாய். நாலு எட்டு. உன் ஆள் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான், கமரா வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த முறை பார்த்தால் நீ திரும்ப உன் இடத்தில் நிற்கிறாய். அந்த நாலு எட்டை நான் எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று தங்கச்சியைக் கேள். ஞாயிற்றுக்கிழமை போனில் பெரியம்மா வீட்டு விழா எப்போது என்று கேட்டாய், சொன்னேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டாய். நான் முதல்தரம் சொல்வதுபோலத் திரும்பச் சொன்னேன்.

அந்த நடை எனக்குப் புதுசு இல்லை தம்பி. 2012 ஒக்டோபர், உனக்குப் பதினேழு, பள்ளிக்கூட மைதானத்தில் ஒருவனின் முழங்கால் உன் தலையில் இடித்தது. நீ எழும்பி மற்றப் பக்கத்துப் பெஞ்சில் போய் இருந்தாய். பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும்போது காருக்குள் சத்தி எடுத்தாய், லைட்டைப் பார்த்தால் கண் நோகுது என்றாய். அம்மா கேட்டபோது வழியில் வாங்கிய மட்டன் ரோல் ஒத்துவரவில்லை என்று சொன்னது நான். கோச்சிடம் ஒன்றும் சொல்லாதே, அடுத்த கிழமை யூனிவர்சிற்றிக்காரர் உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். உனக்கு அது ஞாபகம் இருக்கோ தெரியாது. காலையில் நீ எழும்பும் முன் நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். வியாழக்கிழமை நீ பிராக்டிசில் நின்றாய்.

அடுத்த வருடம் மே மாதம் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பிள்ளை, ரக்பி ஆடினவள், ஒரு கிழமைக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டுச் செத்துப்போனாள். அவளுக்கும் பதினேழு. பிறகு அவள் பெயரில் சட்டமே வந்தது. தங்கச்சி வொலிபோல் ஆடின காலத்தில் அந்தச் சட்டப்படி வருடா வருடம் தலையடி பற்றின தாளுக்குப் பெற்றோரின் கையெழுத்துக் கேட்பார்கள். நான் போடவில்லை, அம்மாவைப் போடச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த மட்டன் ரோல் கடையில் அம்மா இன்றுவரைக்கும் ஒன்றும் வாங்குவதில்லை. ரோலில் ஒரு பிழையும் இல்லை. நான் களவாக இரண்டு மூன்று தரம் போய் வாங்கித் தின்றிருக்கிறேன், நல்ல ரோல்.

நீ டொக்டரிடம் அந்த நாலு எட்டையும் சொல், 2012 ஐயும் சொல், தேதி கேட்டால் என்னை எடுக்கச் சொல். நான் அம்மாவிடம் சொல்கிறேன். எனக்கு நைட் ஷிஃப்ட், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். மெசேஜ் வேண்டாம், போன் எடு.

அப்பா